ஒரே அலை, பல கருவிகள்: வெறும் பேட்ச்சிலிருந்து ஒலி செய்வது எப்படி

வணக்கம். ஒரு மணியை அடித்துப் பதிவு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதிவில் அடி விழுகிற முதல் கணத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கேட்டால் அது மணி மாதிரியே இருக்காது, யாரோ காற்றுக்கருவி ஒன்றை ஊதுவது போல இருக்கும். 1948இல் பாரிஸில், பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர் இதைச் செய்து பார்த்தார். சுரம் அதேதான், மணியும் அதேதான், ஆனாலும் காது அதை வேறு ஒரு பொருளாக எடுத்துக்கொள்கிறது. ஏனென்றால் ஓர் ஒலி எப்படித் தொடங்குகிறது, எப்படி மாறுகிறது, எப்படி அடங்குகிறது என்பதை வைத்துத்தான் காது பெரும்பாலும் அடையாளம் காண்கிறது. சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி, சுருக்கமாக சிந்த்) கற்றுக்கொள்பவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது இதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, எந்த சிந்த்? கணினியில் ஓடும் வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன. வைட்டலில் காசு கொடுத்து வாங்கும் பதிப்பும் உண்டு, தொடங்குவதற்கு அது வேண்டாம். கையில் ஏற்கெனவே வேறு ஒன்று இருந்தால் அதுவே போதும், ஆனால் ஒன்றோடு நில்லுங்கள். மெனுவில் 'இனிஷியலைஸ்' என்று இருப்பதை அழுத்தி வெறும் பேட்ச்சுக்கு வாருங்கள் (ஓர் ஒலிக்கான அமைப்புகளின் தொகுப்புதான் பேட்ச்). ரிவெர்ப், டிலே, கோரஸ் போன்ற எஃபெக்டுகள் எல்லாம் அணைந்தே இருக்கட்டும், அவற்றைப் போட்டால் எந்த ஒலியும் கொஞ்சம் அழகாகிவிடும், அப்புறம் அடியில் என்ன நடக்கிறது என்பது காதுக்குப் பிடிபடாது.

(திரையில்: ஒரே ஓர் ஆசிலேட்டர், அதாவது அலையை உண்டாக்கும் பகுதி, பக்கத்தில் ஒலியில் உள்ள அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர்)

சா (saw, ரம்பப் பல் வடிவ) அலையைத் தேர்ந்தெடுத்து 110 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றைப் பிடித்து வையுங்கள். அனலைசரில் 110, 220, 330, 440 என்று வரிசையாகக் கோடுகள் எழும், இவைதான் ஹார்மோனிக்குகள். இரண்டாவதன் வீச்சு முதலாவதில் பாதி, மூன்றாவதன் வீச்சு மூன்றில் ஒரு பங்கு, இப்படியே குறைந்துகொண்டு போகும். ஸ்கொயர் அலைக்கு மாறினால் 220, 440 எல்லாம் காணாமல் போய் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டும் நிற்கும், குரல் உள்ளே குழிவிழுந்த மாதிரி ஆகும். சைனில் ஒரே கோடு. இதற்கு மேல் அலைகளைப் பற்றி இப்போதைக்கு எதுவும் தேவையில்லை, திரும்ப சாவுக்கே வருவோம், அதில்தான் வெட்டி எடுக்க நிறைய இருக்கிறது.

வெட்டுவது ஃபில்டர். கீழ் அதிர்வெண்களை மட்டும் விடும் லோ-பாஸைப் போட்டு கட்ஆஃபை, அதாவது வெட்டு தொடங்கும் அதிர்வெண்ணை, மெல்லக் கீழே இறக்குங்கள், மேலிருந்து கோடுகள் ஒவ்வொன்றாகத் தாழும், ஒலி மங்கும். 12 டிபி, 24 டிபி என்று இருப்பது கட்ஆஃபுக்கு மேலே ஒவ்வோர் ஆக்டேவுக்கும் எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு, 24 என்றால் வெட்டு இன்னும் செங்குத்து. கட்ஆஃபை ஒட்டிய அதிர்வெண்களைத் தூக்கிக்காட்டும் ரெசொனன்ஸைக் கூட்டும்போது மட்டும் வால்யூமைக் குறைத்துவிட்டுக் கூட்டுங்கள், குறிப்பாக ஹெட்ஃபோன் போட்டிருந்தால். சில ஃபில்டர்கள் தாங்களே கீச்சிட ஆரம்பித்துவிடும், காது திரும்பக் கிடைக்காது.

இப்போது என்வலப், சாவியை அழுத்தியதிலிருந்து ஒலி எப்படி மாற வேண்டும் என்று சொல்வது. இங்கேதான் நாம் கொஞ்ச நேரம் உட்காரப் போகிறோம்.

அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று நான்கு குமிழ்கள். 1960களில் விளாடிமிர் உசச்செவ்ஸ்கி என்ற இசையமைப்பாளர் சிந்தசைசர் தயாரித்த ராபர்ட் மூக்கிடம் இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டதிலிருந்து வந்த அமைப்பு இது, இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா சிந்த்திலும் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் இடறுகிற இடம் ஒன்றுதான்: அட்டாக் (ஒலி எழ), டிகே (உச்சியிலிருந்து சஸ்டெய்ன் மட்டத்துக்கு இறங்க), ரிலீஸ் (சாவியை விட்டபின் அடங்க) மூன்றும் நேரம், சஸ்டெய்ன் மட்டும் அளவு. சாவியை அழுத்திப் பிடித்திருக்கும்போது ஒலி எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது, எவ்வளவு நேரம் என்று சொல்வதில்லை. இது புரியாமல் சஸ்டெய்னை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் டிகே ஏன் வேலை செய்யவில்லை என்று குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் சஸ்டெய்ன் முழுதாக இருந்தால் டிகே இறங்குவதற்கு இடமே இல்லை.

செய்து பார்க்கலாம். வைட்டலில் முதல் என்வலப் ஒலியளவோடு ஏற்கெனவே இணைந்திருக்கும், இரண்டாவதை இழுத்துக் கட்ஆஃபின் மேல் விடுங்கள். சர்ஜில் ஃபில்டருக்கும் ஒலியளவுக்கும் தனித்தனி என்வலப் தயாராக இருக்கிறது. கட்ஆஃபை 200 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, என்வலப் அதை மூன்று ஆக்டேவ் மேலே தூக்கட்டும். இரண்டு என்வலப்பிலும் அட்டாக் 0, டிகே 300 மில்லிசெகண்ட், சஸ்டெய்ன் 0. வாசித்தால் கம்பியைச் சுண்டுவது போல வரும். வேறு எதையும் தொடாமல் ஒலியளவின் அட்டாக்கை 800 மில்லிசெகண்டுக்கும் அதன் சஸ்டெய்னை முழுமைக்கும் ஏற்றி, ஃபில்டருக்கும் நீண்ட அட்டாக்கும் கொஞ்சம் சஸ்டெய்னும் கொடுங்கள். அதே சா, அதே சுரம், இப்போது தூரத்தில் வயலின் கூட்டம் ஒன்று எழுந்து வருகிற மாதிரி இருக்கிறது. ஆசிலேட்டரை நாம் தொடவே இல்லை!

இன்னும் எனக்குப் பிடித்தது பித்தளைக் கருவி. 1960களில் பெல் ஆய்வகத்தில் ழான்-கிளாட் ரிசே டிரம்பெட் ஒலியைக் கணினியில் பகுத்துப் பார்த்தபோது, ஒலி பலமாகும்போது மேலே இருக்கும் ஹார்மோனிக்குகள் மற்றவற்றைவிட அதிகமாக வலுப்பதைக் கண்டார். சுரம் எழும் கணத்திலோ, கீழ் ஹார்மோனிக்குகள் முந்திக்கொள்ளும், மேலே உள்ளவை சற்றுப் பின்னால் வரும். அதனால் ஒலியளவு சட்டென்று எழட்டும், ஃபில்டர் 60, 80 மில்லிசெகண்ட் தாமதமாகத் திறக்கட்டும். வெலாசிட்டியையும் (சாவியை எவ்வளவு பலமாக அடிக்கிறீர்கள் என்ற அளவு) கட்ஆஃபோடு இணைத்துவிடுங்கள், அழுத்தி வாசித்தால் பளீரென்று வரும், மெதுவாகத் தொட்டால் மங்கலாக நிற்கும். வெலாசிட்டியை ஒலியளவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வதால்தான் பல பேட்ச்கள் உயிரில்லாமல் கேட்கின்றன என்பது என் கருத்து.

கிக் டிரம்? ஒரு சைன், சுருதியை 250 ஹெர்ட்ஸிலிருந்து 50க்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் இறக்கும் ஓர் என்வலப், அவ்வளவுதான். இரண்டு ஆசிலேட்டரைச் சுருதியில் சற்று விலக்கி வைத்தால் ஒலி கூடிக் குறைந்து அலையடிக்கும்: 440உம் 442உம் சேர்ந்தால் நொடிக்கு 2 முறை. எல்.எஃப்.ஓ. பற்றித் தனியாகப் பேசலாம், அது திரும்பத் திரும்ப வருகிற மாற்றம், பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடும்.

பயிற்சிக்கு, உங்களுக்குப் பிடித்த பாட்டில் தனியாகக் கேட்கிற ஒரு சிந்த் சுரத்தை எடுத்து லூப்பில் போடுங்கள். கண்ணை மூடிக் கேளுங்கள்: தொடக்கம் கூர்மையா, மெதுவா? பிரகாசம் நிலையாக இருக்கிறதா, குறைகிறதா? சாவியை விட்டதும் எவ்வளவு நேரம் தங்குகிறது? பதில் கிடைத்த பிறகுதான் மவுஸைத் தொட வேண்டும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துக்கொள்ளுங்கள், சத்தம் கூடியது எப்போதுமே நல்லதாகத் தோன்றும்.

கைவந்ததும் எஃப்.எம். பக்கம் போகலாம், ஓர் அலையை வைத்து இன்னோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஒலி செய்யும் முறை அது. 1967இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்தது, 1983இல் யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்த் வழியாக உலகம் முழுக்கப் பரவியது, அதன் சாஃப்ட்வேர் வடிவமான டெக்ஸெட் இலவசம். அங்கே ஃபில்டரே இல்லாமல் ஒலி மங்கும், பளிச்சிடும், ஏனென்றால் மாடுலேட்டரின் (மாற்றத்தைச் செய்யும் அலையின்) அளவு கூடக்கூட ஹார்மோனிக்குகள் பெருகும். இரண்டே ஆபரேட்டர்களை (எஃப்.எம்.மில் ஆசிலேட்டருக்கு அந்தப் பெயர்) வைத்துக்கொண்டு மாடுலேட்டரின் என்வலப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள், சுண்டிய கம்பியும் பித்தளையும் அங்கேயும் வரும்.