மூலம்னு நெனச்சு எட்டு மாசம் விட்டுட்டேன்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு என் குடலப் பத்திப் பேசப் போறேன். கூச்சமாத்தான் இருக்கு, இருந்தாலும் பேசிடுறேன்.

மலத்துல ரத்தம் வந்தா நம்ம வீடுகள்ல மொதல்ல வர்ற வார்த்தை மூலம். அம்மா துத்திக் கீரை வதக்கிக் குடுத்தாங்க, சூட்டு உடம்புன்னு மோர் குடுத்தாங்க. எட்டு மாசம் ஓடிருச்சு. ஆனா எனக்கு ரத்தத்தோட சளியும் வந்துச்சு. நடுராத்திரி தூக்கத்துல எழுந்து ஓடுவேன். போயிட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருக்கற மாதிரியே முக்கும். சளியும், பாக்கி இருக்கற மாதிரி தோணுறதும் மூலத்துலயும் வரலாம், ஆனா தூக்கத்துல எழுப்பி ஓட வைக்கிறது மூலத்தோட குணம் இல்லைங்க.

கடைசில கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பாக்குற டெஸ்ட். முந்தின நாள் குடிக்கிற பேதி மருந்துதான் கஷ்டம், டெஸ்ட் நடந்ததே தெரியல. மலக்குடல்ல ஆரம்பிச்சு இடைவெளி இல்லாம மேல வரைக்கும் புண்ணு. சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புனாங்க. அமீபா, குடல் டிபி ரெண்டும் இல்லன்னு உறுதி பண்ணிட்டுத்தான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு சொன்னாங்க, அதாவது பெருங்குடல் உள்பக்கம் அழற்சி வந்து புண்ணாகுற நீண்டநாள் நோய். ஏன்னா இந்த நோய்க்கு ஸ்டீராய்டும் குடுப்பாங்க, டிபி இருக்கறப்ப தெரியாம அதக் குடுத்தா டிபி பரவிடலாம்.

குடல் அழற்சியக் குறைக்கிற மெசலமைன் மாத்திரை குடுத்தாங்க. கூடவே ஆசனவாய்ல வைக்கிற மருந்து. அத நான் மூணு வாரம் தொடவே இல்ல. டாக்டர் கேட்டப்ப வச்சேன்னு பொய் சொன்னேன். ரத்தம் நிக்கல. அப்புறம் ஒரு நர்ஸ் அக்கா உக்கார வச்சு, புண்ணு கடைசி முனைல இருக்கு, மருந்தும் அங்கயே போய் நிக்கணும்லன்னு கேட்டாங்க. அன்னிலருந்து ராத்திரி படுக்கறப்ப, இடது பக்கம் ஒருக்களிச்சு வைக்கிறேன். பத்து நாள்ல வித்தியாசம் தெரிஞ்சது.

நல்லாயிட்டா நிறுத்திடத் தோணும். நானும் நிறுத்தினேன், திரும்ப வந்துச்சு. உடம்பு நல்லா இருக்கறப்பவும் உள்ள அழற்சி இருக்கலாம். அதுக்கு மலத்துல பாக்குற கால்ப்ரோடெக்டின் டெஸ்ட் இருக்கு, குடல்ல அழற்சி இருந்தா கூடுற ஒரு புரதம் அது. 50க்குக் கீழ நல்லது, 250 தாண்டினா பெரும்பாலும் புண்ணு திரும்ப ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்.

சாப்பாடு ஆளுக்கு ஆள் மாறும். எனக்குப் புண்ணு கிளம்புறப்ப காரமும் பாலும் ஆகாது, இட்லியும் தயிர் சாதமும் ஒத்துக்குது. தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க, அது புண்ணைக் கிளப்பி விடலாம். நோய் வந்து எட்டு வருஷம் ஆனா, புற்றுநோய் இல்லன்னு பாக்க மறுபடி கேமரா டெஸ்ட் உண்டு, அதத் தள்ளிப் போடாதீங்க.

அடுத்த மாசம் எனக்குக் கால்ப்ரோடெக்டின் எடுக்கணும். ரிசல்ட் வந்ததும் எவ்ளோன்னு சொல்றேன்.