சாப்பாட்டைக் கண்டதும் மூளை என்ன செய்கிறது?

வணக்கம் நேயர்களே.

பின்நேரம் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பாண் ஆட்டோ வரும். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அந்தப் பியானோ மெட்டுக் கேட்டுவிடும். கேட்டதுமே சிலருக்கு வாயூறும். பாண் இன்னும் வரவில்லை, அதன் மணம்கூட வரவில்லை. ஆனால் மூளை சாப்பிட ஆயத்தமாகிவிட்டது. காலி வீதியில் இரவில் கேட்கும் கொத்து ரொட்டிச் சத்தமும் அப்படித்தான்.

ரஷ்ய ஆய்வாளர் பாவ்லோவ் நாய்களை வைத்து இதைக் காட்டி நூறு வருஷம் தாண்டிவிட்டது. உள்ளே நடப்பது ஓரளவு வெளிச்சத்துக்கு வந்தது 1990களில்தான். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற செய்தி கடத்தும் இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களை அளந்து பார்த்தார். முதலில் பழச்சாறு வாயில் விழும்போது அந்த அணுக்கள் துடித்தன. பழகிய பிறகோ, சாறு வரப்போகிறது என்று சொல்லும் விளக்கைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. ஆக, டோபமைன் ருசியை அளப்பதைவிட எதிர்பார்ப்பைத்தான் அளக்கிறது. ஒன்றை வேண்டும் என்று தேடுவதும், அது கிடைத்ததும் ரசிப்பதும் மூளையில் வேறு வேறு வேலைகள் என்பதைக் கென்ட் பெரிட்ஜ் எலிகளில் காட்டினார்.

சரி, இது நம் எல்லோருக்கும் உள்ளது. உண்ணல் கோளாறு வந்தவர்களிடம் என்ன மாறுகிறது?

அளவு மீறி உண்ணும் கோளாறை விளங்கிக்கொள்வது ஓரளவு சுலபம். வயிறு நிறைந்திருந்தாலும் படமோ மணமோ இழுக்கிறது. ரசிப்பு குறைந்த பிறகும் தேடல் நிற்பதில்லை. இதைப் பேராசை என்று சொல்வது அநியாயம். அளவு மீறி உண்டுவிட்டு, பிறகு அதை எப்படியாவது ஈடுகட்டப் பார்க்கும் கோளாறு புலிமியா. அதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

நம் வீடுகளில் அதிகம் தப்பாக விளங்கிக்கொள்ளப்படுவது, உடம்பு மெலிந்த பிறகும் எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைக்கும் அனொரெக்சியாதான். 'அவளுக்குப் பசியே இல்லை' என்பார்கள். உண்மை அதுவல்ல. வயிற்றிலிருந்து பசியைச் சொல்லும் கிரெலின் என்ற ஹோர்மோனை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அனொரெக்சியா உள்ளவர்களின் இரத்தத்தில் அது குறைவாக இருப்பதில்லை, கூடுதலாகவே இருக்கிறது. உடம்பு கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் தட்டைக் கண்டதும் மற்றவர்களுக்கு ஆசை எழும் இடத்தில் இவர்களுக்குப் பதற்றம் எழுகிறது. சாப்பிடாமல் விட்டால் பதற்றம் கொஞ்சம் தணிகிறது. அந்தத் தணிவே மூளைக்குப் பரிசாகி, அடுத்த வேளையும் அதையே செய்யச் சொல்கிறது.

நியூயோர்க்கில் செய்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் கிட்டப்போய்ப் பார்த்தது. ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து உணவுப் படங்களைக் காட்டி, எதைச் சாப்பிடுவீர்கள் என்று தெரிவு செய்யச் சொன்னார்கள். அனொரெக்சியா உள்ளவர்கள் தெரிவு செய்கிறபோது, பழக்கங்களோடு தொடர்புடைய மேல்புற ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி கூடுதலாக வேலை செய்தது. பிடிவாதம் என்று நாம் வைகிற விஷயம், யோசிக்காமலே ஓடுகிற பழக்கமாக இறுகிப்போயிருக்கலாம். 'வாயைத் திறந்து சாப்பிட்டால் முடிந்துபோகும்' என்ற புத்திமதி ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

இன்னொன்று. வீட்டில் எல்லோருக்கும் கேக் அடித்துக் கொடுத்துவிட்டு, தான் ஒரு துண்டும் தொடாத பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். சமையல் வீடியோவே பார்த்துக்கொண்டிருப்பாள். இது நடிப்பல்ல. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்து ஆறு மாதம் அவதானித்தார். சமையலில் அக்கறையே இல்லாத ஆட்களும் சமையல் குறிப்பு சேர்க்கத் தொடங்கினார்கள். கனவிலும் சாப்பாடுதான். பட்டினி கிடக்கும் மூளை உணவின் அடையாளங்களையே சுற்றிச்சுற்றி வரும்.

கலியாண வீட்டில் மாமியும் சித்தியும் 'என்ன பிள்ளை, நல்லாக் கொழுத்திட்டாய்' என்று கேட்டுவிட்டு, அடுத்த நிமிஷமே இலையில் இன்னொரு கரண்டி சோறு போடுவார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனாலும் சோற்றோடு அந்தச் சொல்லும் சேர்ந்து பதிகிறது என்பது என் அபிப்பிராயம். இந்தக் கோளாறுகள் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை, ஜிம்முக்குப் போகிற பையன்களையும் இதில் மறக்க வேண்டாம்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு விஷயம். நீண்ட நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்ட பிள்ளை திடீரென்று சாப்பிடச் சம்மதித்தால், சந்தோஷத்தில் நிறையக் கொடுத்துவிடாதீர்கள். அப்போது இரத்தத்தில் பொஸ்பேட் என்ற தாது உப்பு சடுதியாகக் குறைந்து இதயத்துக்கே ஆபத்து வரலாம். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் செய்வித்து, எவ்வளவில் தொடங்குவது என்பதை டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926.

நன்றி, வணக்கம்.