பேலட் கட்டையில மரப்பாச்சி: குரு இல்லாம செதுக்குறவங்களுக்கு

வணக்கம் மக்களே. தானா மரம் செதுக்கிப் பழகுறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. உளி பிடிக்கிறது பழகப் பழக வந்துரும். பொம்மை கெட்டுப் போறது அதுக்கு முன்னாடி, கட்டை வாங்குற இடத்துல.

அரும்பாவூர், தம்மம்பட்டிப் பக்கம் சாமி சிலை செய்யறவங்க அளவுக் கணக்கோட போவாங்க. அது கூடவே உட்கார்ந்து கத்துக்க வேண்டிய வேலை. தனியா பழக மரப்பாச்சி நல்லது. கை உடம்போட ஒட்டியிருக்கும், கால் பிரியாது, உடையுற இடம் கம்மி.

மரப்பாச்சின்னதும் செம்மரம் தேடாதீங்க. அதுக்கு வனத்துறை பேப்பர் இருக்கணும், இல்லன்னா கேஸ்தான். கருங்காலி ரொம்பக் கெட்டி, புது கைக்கு ஆகாது. சென்னை வால்டாக்ஸ் ரோட்டுப் பக்கம் பேக்கிங் மரம் பாருங்க, ஹார்பர்ல இறங்குற பேலட் கட்டையும், அதாவது சரக்கு அடுக்குற மரத்தட்டும், ஓகே. பெரும்பாலும் பைன்தான். பேலட்டுல குத்தியிருக்கிற முத்திரையில ஹெச்டி (HT) இருந்தா சூடு காட்டுனது. எம்பின்னா (MB) மெத்தில் புரோமைடுங்கிற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது, குழந்தை கைக்குப் போற பொருளுக்கு வேணாம். முத்திரை இல்லாததும், எண்ணெய்க் கறை இருக்கிறதும் வேணாம்.

பழைய தேக்குச் சட்டம் கிடைச்சா முதல்ல காந்தத்தை ஓட்டிப் பாருங்க, உள்ள ஆணி இருக்கும். தேக்குல சிலிக்கா இருக்கறதால உளி முனையும் சீக்கிரம் மழுங்கும். பூவரசு கிடைச்சா விட்டுறாதீங்க.

பச்சைக் கட்டைன்னா நடுத்தண்டு இல்லாத துண்டா அறுத்துக் கேளுங்க. மரம் வளையத்தோட சுத்துல அதிகமா சுருங்கும், குறுக்குல கம்மியா சுருங்கும். நடுத்தண்டு உள்ள மாட்டினா வெடிக்காம இருக்காது. ரெண்டு முனையிலயும் மெழுகு தடவிடுங்க, ஈரம் அது வழியாத்தான் வேகமா ஓடும். வாரம் ஒரு தடவை கிச்சன் தராசுல எடை போட்டு எழுதி வைங்க. மூணு வாரம் எடை இறங்கலன்னா காஞ்சிருச்சு. ஐப்பசி, கார்த்திகையில எடை ஏறக்கூட செய்யும், அந்தக் கணக்கை நம்பாதீங்க.

உளி மூணு போதும்: அரை இன்ச் பட்டை உளி, அரைவட்ட உளி, சின்ன வீ உளி. கூட உளியைத் தட்ட ஒரு கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தி. சாய்வு 25 டிகிரி வச்சு 1000 நம்பர் கல்லுல தீட்டி, தோல் துண்டுல பச்சை பாலிஷ் தடவி இழுங்க. தோலுக்குச் சென்னை பெரியமேடு போனா போதும். பைன்ல ஒரு ரேகை மெத்து, அடுத்தது கெட்டி. உளி மொண்ணையா இருந்தா மெத்து வெட்டுப்படாது, நசுங்கும். கட்டை முனையில ஒரு வெட்டு போடுங்க. பளபளன்னு வந்தா சரி, பொடிப்பொடியா உதிர்ந்தா திரும்பத் தீட்டணும்.

ஆறு இன்ச் பொம்மைக்குக் கட்டை எட்டு இன்ச் உயரம், ரெண்டரை அகலம், ரெண்டு கனம். ரேகை தலையிலேர்ந்து காலுக்கு ஓடணும். கீழ ரெண்டு இன்ச் வைஸ்ல பிடிக்க, அதைக் கடைசியில அறுத்துக்கலாம். முன்பக்கம், பக்கவாட்டு ரெண்டுலயும் படம் வரைஞ்சுட்டு, கழுத்துலயும் இடுப்புலயும் கால் இன்ச் ஆழத்துக்கு ரம்பம் போடுங்க. அந்தத் தடுப்பு வெட்டு இல்லாம தட்டினா தலையில கிளம்புன சில்லு தோளையும் எடுத்துட்டுப் போயிரும். உளி எப்பவும் மேட்டிலேர்ந்து பள்ளத்துக்கு. நார் பிய்யுதுன்னா எதிர்ப்பக்கத்துலேர்ந்து வெட்டுங்க.

முகத்துலதான் நிறைய கட்டை வீணாகுது. மூக்கைச் செதுக்கப் போகாதீங்க. முகத்தை நடுவுல மேடா, ரெண்டு பக்கமும் சாய்வா விட்டு, கண் குழியை மட்டும் அரைவட்ட உளியில எடுங்க, மூக்கு தானா நிக்கும். மூக்குக்கு அடியில வெட்டு ஆழமாப் போச்சுன்னா, அங்க நார் குட்டை, பட்டுனு தெறிச்சுரும். எல்லாம் முடியற வரைக்கும் உப்புத்தாள் பக்கம் போகாதீங்க. அதோட துகள் மரத்துல தங்கி உளியைக் கெடுக்கும்.

கடைசியா எண்ணெய் பூசணும். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுன்னு தூசி பிடிக்கும். சுத்தமான ஆளி விதை எண்ணெய் மெல்லிசா மூணு கோட், ஒவ்வொண்ணும் காஞ்ச பிறகு அடுத்தது. துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானா சூடேறி தீப்பிடிக்கும், நிஜமாவே. தண்ணியில நனைச்சு, வெளியில விரிச்சுக் காயப் போடுங்க.