ஆர்டிகே வந்தபின் ஓத அளவுகோல் எதற்கு?

அடுத்த கேள்வி ஒரு நேயர் அனுப்பியது: "கால்வாயில் தூர்வாரும் பணிக்கு ஆழம் அளக்கிறோம். டிஜிபிஎஸ் (கரை நிலையத்தின் திருத்தத்தோடு இயங்கும் ஜிபிஎஸ்) ஒரு மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. கரையில் கடல்நீரின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஓத அளவுகோலும் இருக்கிறது. இடத்தையும் உயரத்தையும் சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லும் செயற்கைக்கோள் கருவியான ஆர்டிகே அவசியமா? வாங்கினால் அளவுகோலைக் கழற்றிவிடலாமா?"

இடத்தை மட்டும் பார்த்தால், அவசியம் இல்லை என்றே சொல்வேன். ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரின் ஒலிக்கற்றை 8 டிகிரி விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் அது அடித்தரையில் சுமார் 1.4 மீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். அங்கே படகின் இடத்தைச் சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்லி என்ன பயன்?

ஆர்டிகே தன் விலைக்கு வேலை செய்வது உயரத்தில்தான். உங்கள் அளவுகோல் காட்டுவது அது நிற்கும் இடத்து நீர்மட்டத்தை. படகு நிற்பதோ சில கிலோமீட்டர் தள்ளி. அங்கே ஓதம் முன்னே பின்னே வரும். காற்று நீரை ஒரு பக்கம் தள்ளியிருக்கும். போதாததற்கு, வேகமெடுத்தால் படகு சற்று அமிழும், எரிபொருள் தீரத் தீர மேலே வரும். மண் நிரப்பிக்கொள்ளும் தூர்வாரும் கப்பலோ மீட்டர் கணக்கில் இறங்கும். இத்தனையும் ஆழக் கணக்கில் பிழையாக வந்து உட்காரும். 10 சென்டிமீட்டர் பிழை என்றால் ஒரு ஹெக்டேருக்கு 1,000 கனமீட்டர் மண். பில் போடும்போது தகராறு அதில்தான் தொடங்கும்.

ஆர்டிகே ஆன்டெனாவின் உயரத்தையே நேராக அளக்கிறது. அதிலிருந்து ஆன்டெனாவுக்கும் எக்கோ சவுண்டர் முகப்புக்கும் உள்ள தூரத்தையும், அளந்த ஆழத்தையும் கழித்தால் அடித்தரையின் மட்டம் வந்துவிடும். நீர் ஏறியதா, படகு அமிழ்ந்ததா என்ற கேள்வியே எழாது.

கருவி இதைச் சாதிப்பது சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள செயற்கைக்கோள் அலைகளை எண்ணித்தான். கரையில், இடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளியில் நிற்கும் நிலையம் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். முழு அலைகளின் எண்ணிக்கை உறுதியானால் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வரும். 'ஃப்ளோட்' என்று வந்தால் அந்த உயரத்தை நம்பாதீர்கள். பல சென்டிமீட்டர் தள்ளாடும். ஒரே நிலையத்தை வைத்து வேலை செய்தால் 10 கிலோமீட்டரைத் தாண்டும்போதே கவனம் வேண்டும்.

ஆனால் திரையில் 2 சென்டிமீட்டர் என்று பார்த்து மயங்க வேண்டாம். அது ஆன்டெனாவின் துல்லியம், ஆழத்தினுடையது அல்ல. ஆன்டெனா எக்கோ சவுண்டருக்கு நேர் மேலே இல்லாமல் 10 மீட்டர் தள்ளி இருந்து, அந்தத் திசையில் படகு ஒரு டிகிரி சாய்ந்தாலே உயரக் கணக்கு 17 சென்டிமீட்டர் தவறிவிடும். சாய்வு அளவிடும் கருவி இல்லாமல் ஆர்டிகே வாங்குவது வீண்செலவு. இன்னொன்று, செயற்கைக்கோள் தரும் உயரம் கடல் வரைபடத்தின் பூஜ்ஜிய மட்டத்திலிருந்து அளந்தது அல்ல. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இடத்துக்கு இடம் மாறும்; அதைக் கண்டுபிடித்து மென்பொருளில் கொடுத்தாக வேண்டும்.

அதனால் அளவுகோலைக் கழற்றாதீர்கள். காலையில் புறப்படுமுன் படகை அதன் அருகே நிறுத்தி, ஆர்டிகே சொல்லும் நீர்மட்டத்தை அதோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் முதலில் நாடாவை எடுத்து ஆன்டெனா உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.