கணினியை நாம் ஆண்டது அன்றா, இன்றா? – ‘அன்றே’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே மூன்று கேள்விகளை வீசிவிட்டுப் போனார். அந்தக் காலக் கணினிக்கு நினைவகம் இருந்ததா? வேகம் இருந்ததா? தமிழ் தெரியுமா? நடுவில் அந்த டேப்லெட் ‘அப்டேட்’ கேட்டதையும், அவர் அவசரமாகப் ‘பின்னர்’ என்று தட்டியதையும் நீங்களும் பார்த்தீர்கள். சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

1981-இல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்81 கணினியின் நினைவகம் 1 கேபி, அதாவது 1,024 பைட். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் இன்றைய யூடிஎஃப்-8 முறையில் ‘நடுவர் அவர்களே’ என்று ஒரு தடவை விளிக்கவே 40 பைட் ஆகிறது. 25 தடவை விளித்தால் நினைவகம் தீர்ந்தது. இந்த மேடையில் சிலர் முதல் நிமிடத்திலேயே அதைத் தீர்த்துவிடுவார்கள்! அந்த ஒரு கேபிக்குள் டேவிட் ஹார்ன் என்பவர் சதுரங்கம் ஆடும் நிரலை எழுதினார். 672 பைட். உங்களை 17 தடவை விளிக்கக்கூட அந்த இடம் போதாது, நடுவர் அவர்களே. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றிக் கோட்டை கட்ட அந்த நிரலுக்குத் தெரியாது. ஆனாலும் எதிரே உட்கார்ந்து ஆட்டம் ஆடும். இன்று வெறும் டார்ச் லைட்டுக்கு ஓர் ஆப் இறக்கினால், அது மெகாபைட் கணக்கில் வந்து உட்காருகிறது. சில ஆப்கள் நம் தொடர்பு எண்களையும் கேட்கின்றன. விளக்கு எரிய என் மாமன் மச்சான் நம்பர் எதற்கு?

வேகத்தில் நாங்கள் தோற்றோம், ஒப்புக்கொள்கிறேன். நிரல் கேசட்டில் இருக்கும். டேப் ரிக்கார்டர் கீச்சுக் கீச்சென்று கத்தும். ஐந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கடைசி நொடியில் பிழை என்று வந்து நிற்கும். வால்யூமைக் கொஞ்சம் கூட்டி, ஹெட்டைத் துடைத்து, மறுபடியும் முதலில் இருந்து.

ஆனால் சுவிட்சைப் போட்டதும் அது என்ன சொல்லும் தெரியுமா? 1982-இல் வந்த கமடோர் 64 திரையில் ‘38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’ என்று வரும். ‘பேசிக்’ என்பது நாம் நிரல் எழுதும் மொழி. நல்ல கணக்குப்பிள்ளை மாதிரி, உனக்கென்று இவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வந்தவுடன் கணக்கு ஒப்புவிக்கும். அடுத்த வரியில் ‘ரெடி’. அப்புறம் கர்சர் மினுக்கிக்கொண்டு நிற்கும், நாம் வாய் திறக்கும்வரை. இன்றைய கருவியைத் திறந்தால் அதுவா நிற்கிறது? ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டு, கடவுச்சொல்லை மாற்று, ஐந்து நட்சத்திரம் கொடு என்று நமக்கல்லவா வேலை வைக்கிறது!

மூன்றாவது கேள்விதான் என்னைக் குத்தியது. தமிழ் தெரியுமா? தெரியாது. ஆனால் கற்றுக்கொடுக்க இடம் வைத்திருந்தது. அதே 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் நாமே வரைந்து வைக்க 21 எழுத்துகளுக்கு இடம் உண்டு. நமக்கோ 247! எழுத்துக்கு 8 வரிசை, வரிசைக்கு 8 புள்ளி. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ‘அ’ வரைந்தேன். வலக்கோடியில் இருந்து 1, 2, 4, 8 என்று 128 வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பு. கறுப்பாக்கிய கட்டங்களை வரிசை வரிசையாகக் கூட்டி, எட்டு எண்களை, நினைவகத்தில் எண்ணை எழுதும் ‘போக்’ கட்டளையால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். திரையில் வந்த ‘அ’வுக்குத் தொப்பை விழுந்திருந்தது. ஐந்தாவது வரிசையில் கூட்டல் தப்பு! திருத்தினேன், நேராக நின்றது. ‘ண’ அந்த எட்டுக் கட்டத்துக்குள் அடங்கவே மாட்டேன் என்றது. அதற்கு இரண்டு வீடு ஒதுக்கினேன்.

இன்று போனில் வாயால் சொன்னால் தமிழில் தட்டச்சாகிறது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் சொன்ன பெயரை அது வேறாக எழுதினால், எந்த வரிசையில் தப்பு என்று எனக்குத் தெரியாது. கூட்டிப் பார்க்க என்னிடம் எட்டு எண்கள் இல்லை. அழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அவ்வளவுதான் என் அதிகாரம்.

விரும்பினால் இன்றும் நிரல் எழுதலாமே என்று அடுத்துக் கேட்பார்கள். எழுதலாம். அன்று வாசற்படியே அதுதான். இன்று கொல்லைப்புறம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், உட்காரத்தான் வேண்டும். ஆனால் அடுத்துப் பேச வேண்டிய எதிரணித் தங்கை அதே டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார். குறிப்பெல்லாம் அதற்குள் இருக்கிறதாம். அப்டேட் 34 சதவீதத்தில் நிற்கிறதாம். நடுவர் அவர்களே, அது முடியும்வரை நானே இன்னும் இரண்டு நிமிடம் பேசட்டுமா?