ஒரே டேபிள்ல மூணு கிளாஸ்: நாட் நல் எங்க போச்சு?

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு ஜாவா, ஹைபர்னேட் (ஜாவா கிளாஸை டேட்டாபேஸ் டேபிளோட இணைக்கிற லைப்ரரி), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்). 'பேமென்ட்'னு ஒரு கிளாஸ், அதுக்குக் கீழ கேஷ், கார்டு, யூபிஐ. இதை டேபிளா மாத்த மூணு வழி இருக்கு.

கிளாஸுக்கு ஒரு டேபிள்னு தனித்தனியா வச்சா, மொத்த பேமென்ட்டையும் எடுக்க யூனியன் (எல்லா டேபிள் வரிசைகளையும் ஒண்ணாச் சேர்க்கிறது) போடணும். ரீஃபண்ட் டேபிள்ல இருந்து ஃபாரின் கீ (இன்னொரு டேபிளோட வரிசையைச் சுட்டுற இணைப்பு) குடுக்கப் பொதுவான டேபிளே இருக்காது. இதை நான் எடுக்கவே மாட்டேன். ஜாயின்டு முறை (பொதுவான விவரம் ஒரு டேபிள்ல, வகைக்கே உரியது தனி டேபிள்ல) சுத்தமானது, ஆனா ஒரு பேமென்ட் சேவ் பண்ண ரெண்டு இன்சர்ட் ஓடும்.

மூணு நாலு காலம் (column) தான் வித்தியாசம்னா சிங்கிள் டேபிள் (எல்லா வகையும் ஒரே டேபிள்ல) போதும். வேகமும் இதுலதான். ஆனா ஒண்ணைக் கவனிங்க. யூபிஐ கிளாஸ்ல யூடிஆர் நம்பருக்கு (பரிவர்த்தனையோட அடையாள எண்) 'நல்லபிள் ஃபால்ஸ்'னு, அதாவது நல்-ஆ (null, காலியா) விடக் கூடாதுன்னு எழுதியிருப்பீங்க. ஹைபர்னேட் டேபிள் உருவாக்கும்போது அந்தக் காலத்துல நாட் நல் (காலியா இருக்கக் கூடாதுங்கிற விதி) இருக்காது. இருந்தா கேஷ் வரிசையே உள்ள போகாதே! அதனால யூடிஆர் இல்லாத யூபிஐ வரிசையையும் டேட்டாபேஸ் சத்தமில்லாம வாங்கிக்கும்.

இதுக்கு நீங்களே ஒரு செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (வரிசையைச் சோதிச்சு உள்ள விடுற விதி) எழுதணும்: டிடைப் (வரிசை எந்த வகைன்னு சொல்ற காலம்) 'யூபிஐ' இல்லாம இருக்கணும், இல்லன்னா யூடிஆர் நல்-ஆ (null) இருக்கக் கூடாது. டிடைப்புக்கும் நாட் நல் போடுங்க, இதை மறந்துடாதீங்க. டிடைப்பும் யூடிஆரும் நல்-ஆ (null) வந்தா கண்டிஷனோட விடை உண்மையும் இல்ல, பொய்யும் இல்ல. செக் அதைத் தடுக்காது, விட்டுடும். மைஎஸ்கியூஎல்ல 8.0.16க்கு முந்தின வெர்ஷன்னா செக் எழுதினாலும் வேலை செய்யாது.

யூடிஆர் 12 இலக்கம். பிக்இன்ட்ல (முழு எண் வகை) வைக்காதீங்க, முன்னாடி சைபர் வந்தா போயிடும். வார்கேர் 12 (12 எழுத்து வரைக்குமான எழுத்து வகை) போடுங்க.

அப்புறம் டிஸ்கிரிமினேட்டர் வேல்யூ, அதாவது டிடைப்ல உக்கார்ற மதிப்பு. நீங்க குடுக்கலன்னா என்டிட்டி பேரே (வழக்கமா கிளாஸ் பேர்) டிடைப்ல உக்காரும். நாளைக்கு யாராவது கிளாஸ் பேரை மாத்தினா, பழைய வரிசையெல்லாம் பழைய பேர்லயே கிடக்கும், புது கிளாஸ்ல தேடினா ஒண்ணும் வராது. அதோட அந்தக் காலம் 31 எழுத்துதான், நீளமான பேர் இன்சர்ட்லயே அடி வாங்கும். 'யூபிஐ', 'கார்டு'னு சின்னதா நீங்களே குடுத்துடுங்க.

ஏற்கெனவே ஓடுற டேபிளா? கன்ஸ்ட்ரெய்ன்ட்டை 'நாட் வாலிட்'னு சேருங்க. புது வரிசைக்கு உடனே காவல் வந்துடும். பழைய தப்பு வரிசைகளைத் தேடித் திருத்திட்டு, அப்புறம் 'வாலிடேட் கன்ஸ்ட்ரெய்ன்ட்' ஓட்டுங்க.