சாய்ந்த எழுத்தல்ல, ஓடும் எழுத்து

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

கம்ப்யூட்டரில் ‘ஐ’ பொத்தானை அமுக்கினால் எழுத்து சாய்கிறது. அதனால் இட்டாலிக் என்றாலே, நிமிர்ந்து நிற்கும் எழுத்தை வலப்பக்கம் தள்ளிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அச்சகத்துக்குள் கால் வைக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அங்கே வயதான கம்பாசிட்டர் ஒருவர், செடிகொடிகளைப் பற்றிய ஆங்கில நூலுக்கு அச்சுக் கோத்துக்கொண்டிருந்தார். வரியின் நடுவே லத்தீன் பெயர் வரும்போதெல்லாம் அவர் கை பக்கத்திலிருந்த வேறொரு கேஸுக்குப் போனது. சாய்வெழுத்துக்குத் தனிப் பெட்டி! அதிலிருந்து ஓர் ஈய ‘எஃப்’ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் தலைக்கொக்கி கட்டையின் விளிம்பைத் தாண்டி, பக்கத்து எழுத்தின் தோளில் கை போடுவதுபோல வெளியே நீண்டிருந்தது. “பாத்துப் புடி தம்பி, மூக்கு ஒடைஞ்சிரும்” என்றார். அழுத்தம் சற்றுக் கூடினாலும் முதலில் ஒடிவது அந்தக் கொக்கிதானாம். நிமிர்ந்த ‘எஃப்’ வரியிலேயே நின்றுவிடும். இதுவோ வரிக்குக் கீழே வால் விட்டு இறங்கியிருந்தது. சின்ன ‘ஏ’யையும் காட்டினார். நிமிர்ந்த வடிவில் அது மேல்மாடி வைத்த வீடு. இங்கே பேனாவின் ஒரே சுற்றில் முடிந்துவிடுகிறது. இரண்டும் வேறு வேறு கைகளின் எழுத்து என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

கை என்று சும்மா சொல்லவில்லை. 15ஆம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் நகரத்து அறிஞர் நிக்கோலோ நிக்கோலி போன்றவர்கள் பழைய லத்தீன் நூல்களைப் படியெடுத்தபோது, வேகமாக ஓடும் சாய்ந்த கையெழுத்தில் எழுதினார்கள். அந்தக் கையெழுத்தைத்தான் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸ் அச்சுக்குக் கொண்டுவந்தார். உருக்கில் எழுத்தை வெட்டித் தந்தவர் பொலோனியாக்காரரான பிரான்செஸ்கோ கிரிஃபோ. 1501இல் பழைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகள் முழுவதும் அந்த எழுத்திலேயே, கையில் அடங்கும் சிறு புத்தகமாக வந்தன. வலியுறுத்துவதற்காக ஒரு சொல்லைச் சாய்க்கும் வழக்கம் அப்போது கிடையாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அதுவே உடல் எழுத்து. வரியின் தலைப்பில் வரும் பெரிய எழுத்து மட்டும் சின்னதாக, நிமிர்ந்து நிற்கும்.

காகிதத்தை மிச்சம் பிடிக்கவே ஆல்டஸ் இதைச் செய்தார் என்று சொல்வதுண்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிறிய பக்கத்தில் வெர்ஜிலின் நீண்ட அடி மடங்காமல் ஒரே வரியில் அமர்ந்ததே, அதுதான் பெரிய வசதி. அதோடு, அறிஞர் ஒருவர் தம் நண்பருக்குக் கைப்பட எழுதித் தந்ததுபோன்ற நெருக்கமும் வாசகனுக்குக் கிடைத்தது.

அந்த வெர்ஜிலிலேயே மூன்று வரிப் பாட்டில் கிரிஃபோவின் கைகளை ஆல்டஸ் புகழ்ந்திருக்கிறார். ஆனால் 1502இல் வெனிஸ் செனட் இந்த எழுத்துக்கான தனியுரிமையை ஆல்டஸ் பெயருக்குத்தான் கொடுத்தது. கிரிஃபோ ஊரை விட்டுப் போய், இத்தாலியின் ஃபானோ நகரில் சொன்சீனோ என்ற அச்சாளருக்கு அதே மாதிரி எழுத்தை வெட்டிக் கொடுத்தார். 1503இல் வந்த இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் கவிதைப் பதிப்பில், இதைக் கண்டுபிடித்தவர் கிரிஃபோதான் என்று சொன்சீனோ அச்சிலேயே எழுதினார். கை வேலை செய்தவன் பெயரை அச்சில் ஏற்றிய அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பிரான்சின் லியோன் நகரத்து அச்சாளர்களும் சும்மா இருக்கவில்லை. பார்த்துப் பார்த்து நகல் எடுத்தார்கள். ஆல்டஸ் அவர்களுடைய பிழைகளைப் பட்டியலிட்டு வெளியிட, அதை வைத்தே அவர்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்.

காலப்போக்கில் நிமிர்ந்த எழுத்து வீட்டுக்கு உரியதாகி, சாய்வெழுத்து அதற்குத் துணையானது. இன்றும் இந்த இருவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்பதில்லை. 1989இல் ராபர்ட் ஸ்லிம்பாக் வரைந்த அடோபி கரமாண்ட் என்ற கம்ப்யூட்டர் எழுத்துருவில் நிமிர்ந்த எழுத்துக்கு மூலம், பழைய பிரெஞ்சு எழுத்து வெட்டுநர் குளோத் கரமாண்ட். சாய்வெழுத்துக்கு மூலம் இன்னொரு பிரெஞ்சுக்காரர், ராபர்ட் கிரான்ஜோன்.

நூல் பெயர், கப்பல் பெயர், தாவர விலங்குகளின் லத்தீன் பெயர், கணிதத்தில் ‘எக்ஸ்’, ‘ஒய்’ என இதன் வேலைகள் நீங்கள் அறிந்தவை. ஒன்றை மட்டும் நின்று சொல்லவேண்டும். 1560இல் வந்த ஜெனீவா பைபிளில், மூலத்தில் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிறைவதற்காகச் சேர்த்த சொற்களைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார்கள். ‘இது எங்கள் சொல், மூலத்தின் சொல் அல்ல’ என்று மொழிபெயர்ப்பாளர் வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறார். வேதநூலில் அப்படி ஒரு நேர்மை! மொழிபெயர்ப்பு செய்கிறவன் என்ற முறையில், அதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

தமிழுக்கு வருகிறேன். இப்படிப் பேனா ஓட்டத்தில் பிறந்து, நேரெழுத்துக்குத் துணையாக வளர்ந்த சாய்வு வடிவம் நம் அச்சுக்கு வாய்க்கவில்லை. தடித்த எழுத்தும் மேற்கோள் குறியும் நமக்கு அந்த வேலையைச் செய்கின்றன. பொத்தானை அமுக்கித் தமிழைச் சாய்த்தால், ‘ண’வின் சுழிகள் நசுங்கி, ‘ழ’ காற்றில் சாய்ந்த வேலிக்கம்பாக நிற்கிறது. அழைப்பிதழ் அடிப்பவர்களை நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள்.

வாசல் பக்க மேசையில் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே ஆங்கில வரி. ஒன்று கரமாண்டின் உண்மையான இட்டாலிக், மற்றது நேரெழுத்தைக் கம்ப்யூட்டர் சாய்த்தது. எது எது என்று எழுதி வைக்கவில்லை. போகும்போது ‘எஃப்’ எதில் வரிக்குக் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். பூதக்கண்ணாடியும் பக்கத்திலேயே இருக்கிறது.